மின்படிவமும் அதன் நெறிகளும்

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்து மாந்தோப்பு ஒன்றுக்கு இரண்டு அளவுகள் உண்டு. உழவரின் வாயில் அது இரண்டு ஏக்கர். பட்டாவில் 0 ஹெக்டேர் 81 ஏர். பதிவேடுகள் ஹெக்டேருக்கு மாறிப் பல காலம் ஆகியும் ஊர்ப்பேச்சு ஏக்கரையும் சென்டையும் விடவில்லை. மானியம் கேட்டு ஒருவர் தாளில் படிவம் நிரப்பும்போது ‘பரப்பு’ என்ற கட்டத்தில் இவற்றுள் எதையும் எழுதலாம். ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட் என்பதை அறிந்த எழுத்தர் மேசைக்கு அப்பால் இருக்கிறார். மனத்துள் பெருக்கிப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார். தாள்படிவம் சொல்லாமல் விட்ட நெறிகள் யாவும் அந்த எழுத்தரின் தலைக்குள் இருக்கின்றன. மரம் நட்டு ஈராண்டுதான் ஆகிறது என்று மேலே எழுதியவர் கீழே எட்டு டன் விளைச்சல் என்று எழுதினால், புருவத்தை உயர்த்துபவரும் அவரே.

மின்படிவத்துக்கு அப்படி ஓர் எழுத்தர் வாய்ப்பதில்லை. எந்தக் கட்டம் கட்டாயம், எந்தக் கேள்வி எவர்க்குப் பொருந்தும், எந்த விடையிலிருந்து எந்த விடையைக் கணிக்கலாம், எது நடவாத எண் என்பனவற்றை எல்லாம் முன்கூட்டியே கணினிக்கு விளங்கும்படி எழுதிவைக்க வேண்டும். அவ்வாறு எழுதுவதற்கென்று அமைந்த குறியிடு மொழிகளின் வரலாறு முப்பதாண்டு நீளமுடையது. அதில் சிறந்த கருத்து ஒன்று அரங்கில் தோற்று, ஊர்ப்புறங்களில் வென்றது.

குறியிடு மொழி என்பது உரையின் ஊடே அடையாளங்களை இட்டு, இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று கணினிக்கு உணர்த்தும் முறை. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்டுஃபார்ப், எட்வர்டு மோஷர், ரேமண்டு லோரி ஆகிய மூவர் இதற்கு வித்திட்டனர். 1986இல் அது எஸ்.ஜி.எம்.எல். என்னும் உலகத் தரமாயிற்று. அதன் வழிவந்த எச்.டி.எம்.எல். தொடக்கத்தில் படிப்பதற்கே உரியதாக இருந்தது. படிப்பவர் தம் பங்குக்கு ஏதேனும் எழுத விரும்பினால் ‘இஸ்இண்டெக்ஸ்’ என்ற ஒரே ஒரு தேடுகட்டம் கிடைக்கும், அவ்வளவே. 1993இல் டேவ் ராகெட் முன்வைத்த எச்.டி.எம்.எல். பிளஸ் வரைவில் படிவம் இடம்பெற்றது. 1995 நவம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.எல். 2.0, அதைத் தரமாக நிலைநிறுத்தியது.

அதன் அமைப்பு மிக எளியது. ‘ஃபார்ம்’ என்ற உறுப்புக்குள் ‘இன்புட்’, ‘செலக்ட்’, ‘டெக்ஸ்ட்ஏரியா’ முதலிய உறுப்புகள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு மதிப்பு. பொத்தானை அழுத்தியதும் பெயரும் மதிப்பும் இணையிணையாகக் கோக்கப்பட்டு வழங்கிக்குச் செல்லும். இவ்வளவு எளிமைக்குள்ளும் ஒரு நுட்பம் பொதிந்துள்ளது. தெரிவுப் பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்கும் கண்ணுக்குத் தெரியும் பெயர் ஒன்று, வழங்கிக்குச் செல்லும் மதிப்பு ஒன்று எனத் தனித்தனியே அமைக்கலாம். தேனிப் பக்கத்தில் கல்லாமை என்று விற்கப்படும் மாங்காய், பிற ஊர்களில் கிளிமூக்கு, தோட்டக்கலை நூல்களில் பெங்களூரா, வடக்கே தோத்தாபுரி. படிவத்தில் நான்கு பெயர்களையும் காட்டி, நான்குக்கும் ஒரே மதிப்பை அனுப்பலாம். மதிப்பு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதற்கும் பெரியகுளத்திலேயே சான்று இருக்கிறது. இங்குள்ள தோட்டக்கலை ஆய்வகத்தில் உருவான முருங்கை, பி.கே.எம்.-1 என்ற பெயரோடு கடல் கடந்தும் பயிராகிறது. ஊரின் பெயரைச் சுருக்கி எண் சேர்த்த அந்தக் குறியீட்டை எந்த நாட்டு உழவரும் வேறொரு முருங்கையோடு குழப்பிக்கொள்வதில்லை.

நெறிகளைப் பொறுத்தவரை அந்தத் தொடக்கக் காலப் படிவம் ஏறக்குறைய ஊமை. எண் எழுத வேண்டிய கட்டத்தில் பெயரை எழுதினால் அது தடுக்காது. தடுக்க வேண்டுமெனில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் தனியே எழுத வேண்டும். ஒவ்வொரு தளமும் தன் போக்கில் எழுதியது. பிறந்த நாளை ஒரு தளம் நாள்-மாதம்-ஆண்டு என்று கேட்டது. மற்றொன்று திருப்பிக் கேட்டது. நெறிகள் நிரலுக்குள் புதைந்து கிடந்தமையால் துறை அலுவலர் அவற்றைப் படித்துப் பார்க்க வழியில்லை. மானியத்தின் உச்சவரம்பு மாறினால் நிரலரைத் தேடி ஓட வேண்டும்.

இக்குறையைத் தீர்க்க எழுந்தது எக்ஸ்ஃபார்ம்ஸ். 2003 அக்டோபர் 14 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, அதாவது டபிள்யூ3சி, அதைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. எஸ்.ஜி.எம்.எல்.லின் எளிய வடிவமான எக்ஸ்.எம்.எல். மொழியைத் தளமாகக் கொண்ட அது படிவத்தை மூன்றாகப் பிரித்தது. திரட்டப்படும் தரவின் வடிவம் ஓரிடத்தில்; தரவுக்கு உரிய நெறிகள் ஓரிடத்தில்; கேள்வி திரையில் தோன்றும் முறை வேறோர் இடத்தில். மாந்தோப்புப் படிவத்தை இம்மொழியில் எழுதினால், நெறிப்பகுதியில் சில வரிகளே வரும். பரப்பு கட்டாயம், அது சுழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஏக்கரில் சொன்னால் ஹெக்டேரைக் கணித்துக்கொள். மரத்தின் அகவை நான்கு ஆண்டுக்குக் குறைவாயின் விளைச்சல் பற்றிய கேள்வி பொருந்தாது, காட்டாதே. கட்டாயம், பொருத்தம், கட்டுப்பாடு, கணிப்பு, மாற்றத்தடை என்னும் இந்தப் பண்புகளை ‘பைண்டு’ என்ற உறுப்பு தாங்கி நிற்கும். எழுத்தரின் தலைக்குள் இருந்தவை அனைத்தும் இங்கே எழுத்தில் வந்துவிடுகின்றன. நிரல் அறியாத வேளாண் அலுவலரும் இவ்வரிகளைப் படித்து, தவறு இருப்பின் சுட்டிக்காட்ட முடியும்.

இந்தப் பரிந்துரையின் தொகுப்பாசிரியர் நால்வருள் ஒருவர் டி.வி. இராமன். புனேயில் வளர்ந்தவர், பதினான்காம் அகவையில் பார்வையை இழந்தவர், மும்பை ஐ.ஐ.டி.யிலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். கணினியைச் செவியால் இயக்க எமாக்ஸ்பீக் என்னும் மென்பொருளைப் படைத்தவர் அவரே. திரையில் வட்டப் பொத்தானா, கீழ்விரி பட்டியலா என்பது கண் காணாதவருக்குப் பொருளற்ற வேறுபாடு. பலவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதே அவர் அறிய வேண்டுவது. எக்ஸ்ஃபார்ம்ஸ் மொழியின் உறுப்புகளும் அவ்வாறே பெயரிடப்பட்டன. ‘ஒன்றைத் தெரிந்தெடு’, ‘பலவற்றைத் தெரிந்தெடு’, ‘உள்ளிடு’ என்று நோக்கத்தை மட்டும் அவை கூறும். தோற்றம் கருவியின் விருப்பம். அகன்ற திரையில் பட்டியலாகவும், கைப்பேசியில் பெரிய பொத்தான்களாகவும், செவிக்கருவியில் குரலாகவும் ஒரே படிவம் வெளிப்படலாம்.

இத்தகைய மொழியை உலாவிகள் ஏற்கவில்லை. மொசில்லா உலாவிக்கு ஒரு நீட்சி எழுதப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. முன்னணி உலாவி எதுவும் தானாக அதைப் படிக்க முன்வரவில்லை. எக்ஸ்.எம்.எல்.லின் கண்டிப்பு அதற்கு ஒரு காரணம். ஓர் அடையாளத்தை மூட மறந்தால் பக்கம் முழுதும் திறவாது; எச்.டி.எம்.எல். பிழைகளைப் பொறுத்துக்கொண்டே வளர்ந்தது. 2004 ஜூனில் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சேர்ந்தோர் டபிள்யூ.எச்.ஏ.டி.டபிள்யூ.ஜி. என்ற தனிக்குழுவை அமைத்து, பழைய எச்.டி.எம்.எல். படிவத்தையே படிப்படியாகத் திருத்தும் வழியில் இறங்கினர். அதன் பயனாக 2014 அக்டோபரில் பரிந்துரையான எச்.டி.எம்.எல்.5-இல், கட்டாயக் கட்டம், எண்ணின் கீழெல்லை மேலெல்லை, நாள், மின்னஞ்சல், எழுத்துக்கோவை வடிவம் முதலிய கட்டுப்பாடுகள் வந்து சேர்ந்தன. பெரியகுளத்தின் அஞ்சல் குறியெண் 625601. ஆறு இலக்கம், முதல் இலக்கம் சுழியாகாது என்பதை இன்று ஒரே பண்பில் எழுதிவிடலாம். எனினும் ஒரு விடையைப் பொறுத்து மறு கேள்வி தோன்றுவதும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கணிப்பதும் இன்னும் நிரலரின் கைவேலையாகவே உள்ளன. உலாவியாளர் தெரிந்தெடுத்த வழி நடைமுறைக்கு எளியது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அரசுப் படிவங்களின் நெறிகள் மக்கள் படிக்கத்தக்க ஆவணங்களாக நிற்கும் வாய்ப்பு அப்போது நழுவியது என்றே கருதுகிறேன்.

இந்திய அரசு எக்ஸ்.எம்.எல். படிவங்களைப் பெரிய அளவில் கையாண்டது மற்றொரு கிளையில். நிறும விவகார அமைச்சகம் 2006இல் தொடங்கிய எம்.சி.ஏ.21 திட்டத்தில் நிறுமங்கள் தம் ஆண்டறிக்கைகளை அடோபி பி.டி.எஃப். படிவங்களில் நிரப்பி, மின்கையொப்பமிட்டு ஏற்றின. அப்படிவங்களின் உள்ளே இருந்தது எக்ஸ்.எஃப்.ஏ. என்னும் மொழி, கனடாவின் ஜெட்ஃபார்ம் நிறுவனம் படைத்தது, 2002இல் அந்நிறுவனத்தோடு அடோபியின் கைக்கு வந்தது. 2017இல் வெளியான பி.டி.எஃப். 2.0 தரம் அதை வழக்கொழிந்ததாக அறிவித்தது. அமைச்சகமும் பின்னர் வலைப்படிவங்களுக்கு மாறியது. ஒரு நிறுவனத்தின் படிப்பானை மட்டும் நம்பிய மொழி அந்நிறுவனத்தின் விருப்பு வெறுப்போடு முடிகிறது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எக்ஸ்ஃபார்ம்ஸின் கதை அப்படி முடியவில்லை. கும்பக்கரை அருவியின் பக்கமாக மலையேறிக் கொடைக்கானலுக்குச் செல்லும் பழைய நடைவழியில் வெள்ளகவி என்ற சிற்றூர் இருக்கிறது. வாகனம் செல்லும் சாலையின்றி நெடுங்காலம் வாழ்ந்த ஊர். பொதிவிலங்கிலும் தலைச்சுமையிலும் விளைபொருளை இறக்கிப் பெரியகுளத்தில் விற்று வந்த ஊர். இத்தகைய ஊரில் ஒரு நலப்பணியாளர் வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது வலைப்பக்கம் பயன்படாது. அலைவரிசை எட்டாத இடத்தில் வழங்கியைக் கேட்டு விடையைச் சரிபார்க்க இயலாது. படிவம் தன் நெறிகளைத் தன்னோடு சுமந்து செல்ல வேண்டும். கீழே கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, மேலே நிரப்பி, மீண்டும் அலைவரிசை கிடைக்கும் இடத்தில் அனுப்ப வேண்டும். தரவையும் நெறியையும் தோற்றத்தையும் பிரித்த மொழிக்கு இது இயல்பாகவே கைகூடியது.

வளர்முக நாடுகளின் நலப்பணிக்கு மென்பொருள் செய்தவர்கள் இதைக் கண்டுகொண்டனர். ஓப்பன்ரோசா என்ற கூட்டு முயற்சியில் எக்ஸ்ஃபார்ம்ஸின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சிறு கைப்பேசிகளில் இயங்கச் செய்தனர்; அதற்கென எழுந்த மென்பொருளின் பெயர் ஜாவாரோசா. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் காயெட்டானோ போரியெல்லோவும் அவர் மாணவர்களும் தொடங்கிய ஓப்பன் டேட்டா கிட், ஆண்டிராய்டு கைப்பேசிக்கு அதைக் கொண்டுவந்தது. கோபோடூல்பாக்ஸ் அதன் வழித்தோன்றல். டிமாகி நிறுவனத்தின் காம்கேர் மென்பொருளும் அதே வேரிலிருந்து கிளைத்தது. 2018இல் தொடங்கிய போஷன் அபியான் திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர் கைகளுக்குத் தரப்பட்ட ஐ.சி.டி.எஸ்.-காஸ் செயலி, காம்கேரின் மீது கட்டப்பட்டது. 2021இல் போஷன் டிராக்கர் அதன் இடத்தைப் பெறுவதற்கு முன், பல மாநிலங்களில் குழந்தையின் எடையையும் உயரத்தையும் பதிந்த பணியாளர்கள், உலாவிகள் புறக்கணித்த குறியிடு மொழியின் மேல்தான் நாள்தோறும் பணிபுரிந்தனர்.

கூர்முனைக் குறிகளுக்கிடையே கையால் எழுதுவது எல்லார்க்கும் கூடுவதன்று. எனவே விரிதாளில் எழுதி எக்ஸ்ஃபார்ம்ஸாக மாற்றும் எக்ஸ்.எல்.எஸ்.ஃபார்ம் என்ற முறை எழுந்தது. ஒரு கேள்விக்கு ஒரு வரிசை. வகை, பெயர், கேள்வியுரை, பொருத்தம், கட்டுப்பாடு, கணிப்பு எனப் பத்திகள். 2003ஆம் ஆண்டுப் பரிந்துரையின் சொற்களே இங்குப் பத்தித் தலைப்புகளாக நிற்பதைக் காணலாம். கேள்வியுரைக்கு ஆங்கிலப் பத்தி ஒன்றும் தமிழ்ப் பத்தி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்; நெறி இரண்டுக்கும் ஒன்றே. தமிழில் கேட்கப்பட்டவருக்கு ஒரு கட்டுப்பாடும் ஆங்கிலத்தில் கேட்கப்பட்டவருக்கு மற்றொன்றும் நேரும் விபத்து இதில் இல்லை. ஆய்வு மாணவர் எவரும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளத்தக்க முறை இது.

இனித் தமிழ் பற்றி. எக்ஸ்.எம்.எல்.லின் 1998ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே உறுப்புப் பெயர்களில் வரத்தக்க எழுத்துகளின் பட்டியலில் தமிழெழுத்துகள் இடம்பெற்றன. ஆகவே, <தோப்பு><பரப்பு>0.81</பரப்பு></தோப்பு> என்று எழுதுவது அன்றுமுதலே முழுமையாகச் செல்லுபடியாகும். எக்ஸ்ஃபார்ம்ஸின் தரவுப்பகுதியும் அப்படியே தமிழில் அமையலாம். இதைப் பயன்படுத்தியோர் அரியர். ஶ என்ற எழுத்து மட்டும் ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், 2005இல்தான் சேர்ந்தது; பழைய பட்டியலில் அதற்கு இடமில்லாமல், 2008இல் வந்த ஐந்தாம் பதிப்பு வாயிலைத் தாராளமாகத் திறக்கும் வரை காத்திருந்தது. தமிழ்ச் சுழிக்கும் அதே நிலை.

எழுத்து அனுமதிக்கப்படுவது வேறு, எண்ணப்படுவது வேறு. பெரியகுளம் என்ற பெயரில் தமிழ் கற்ற குழந்தை ஆறெழுத்து எண்ணும். ஒருங்குறியில் அது பத்துக் குறிகள், எச்.டி.எம்.எல். கட்டத்தில் ‘எட்டு எழுத்துக்கு மிகாமல்’ என்று வரம்பிட்டால் ஊர்ப்பெயர் பாதியில் வெட்டுப்படும். யு.டி.எஃப்.-8 முறையில் அது 30 பைட்டுகள். படிவங்களுக்கே உரிய பழைய அனுப்புமுறையில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூவெழுத்தாக விரிந்து 90 எழுத்தாகிறது. போடிநாயக்கனூரில் இடர் இன்னும் பெரிது. ‘போ’ என்பதை ஓகாரக் குறி ஒன்றைக் கொண்டும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் எனப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கோ ஒன்று 14 குறி, மற்றொன்று 15 குறி, வெவ்வேறு ஊர். இவ்விரண்டையும் ஒன்றாக்கும் இயல்பாக்க நெறிகளை ஒருங்குறி வகுத்துள்ளது. ஆனால் உலாவி படிவத்தை அனுப்பும்போது அதைச் செய்வதில்லை. வாங்கும் வழங்கியில் ஒரே ஒரு வரி நிரல் போதும். அந்த வரி இல்லாத தளங்களில் ஒரே ஊர் இருமுறை பதிவாகிக் கிடக்கும்.

ஊர்ப்பட்டியலை வரிசைப்படுத்தும்போதும் இதே ஏமாற்றம். ஒருங்குறி இருப்பிட எண்ணின்படி அடுக்கினால் ஜெயமங்கலம், சகர வரிசைக்கு அடுத்து நின்று, தாமரைக்குளத்துக்கும் தேவதானப்பட்டிக்கும் முன்னே வரும். தமிழ் அகராதி முறை அறிந்தவர் அதை வடுகபட்டிக்குப் பின்னே தேடிக்கொண்டிருப்பார். ஊரை எழுதச் சொல்லாமல் பட்டியலிலிருந்து தெரிவு செய்யச் சொல்வதும், தெரிவின் மதிப்பாக எண்ணையே அனுப்புவதும் நன்று. ஒன்றிய அரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வோர் ஊருக்கும் அத்தகைய எண்ணை வழங்கியுள்ளது. எண்ணும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வெள்ளகவியின் சந்தையும் பேருந்தும் பெரியகுளத்தில். ஆட்சி எல்லையில் அது திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் வட்டம். மாவட்டத்தைத் தெரிவு செய்தால் வட்டம் விரியும், வட்டத்தைத் தெரிவு செய்தால் ஊர் விரியும் என்று கட்டிய படிவத்தில், தேனியைத் தொட்டவருக்கு அவ்வூர் ஒருபோதும் தென்படாது. வாழும் ஊரும் விற்கும் ஊரும் இரு வேறு கேள்விகள் என்பதைப் படிவம் வரைபவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

தமிழக இ-சேவைத் திட்டத்தில் ஒரு நல்ல கூறு உண்டு. வருமானச் சான்றுக்கோ இருப்பிடச் சான்றுக்கோ வருபவருக்கு முதலில் கேன் எண் ஒன்று தரப்படுகிறது. பெயர், முகவரி, தந்தை பெயர் முதலியன அவ்வெண்ணின்கீழ்ப் பதிந்துவிடும். அடுத்த சான்றுக்கு மீண்டும் எழுத வேண்டுவதில்லை. தரவு ஒருமுறை, படிவம் பலமுறை என்பதே இதன் உட்பொருள். எக்ஸ்ஃபார்ம்ஸ் படிவத்துக்குள் செய்த பிரிவினையை இது துறைகளுக்கிடையே செய்கிறது.

பெயர்க் கட்டம்தான் இன்னும் தீராத சிக்கல். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு, ஒரே பெயரோடு வாழும் தமிழரிடம், ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டு கட்டங்களை நீட்டி இரண்டையும் கட்டாயமாக்கும் படிவங்கள் உலகெங்கும் உள்ளன. சிலர் தந்தை பெயரை இடுகிறார்கள், சிலர் ஊர்ப்பெயரை, சிலர் தம் பெயரையே இருமுறை எழுதுகிறார்கள். ஒருவரே நான்கு பதிவேடுகளில் நான்கு பெயரினராக நிற்பதற்கு இது போதும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்கள் சுற்றுலா, வருகை நுழைவுரிமையில் நாட்டுக்குள் வர இயலாது என அறிவித்தது. வளைகுடாவில் பணிபுரிவோரைக் காணச் செல்லும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும். சில நாள்களில் விளக்கம் ஒன்று வந்தது: கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கப்படும். நெறிப்பகுதியில் எழுதினால் இது ஒரே வரி. குடும்பப்பெயருக்கு இருந்த ‘கட்டாயம்’ நீங்கி, அதன் இடத்தில் ‘குடும்பப்பெயர் அல்லது தந்தை பெயர்’ என்னும் கட்டுப்பாடு அமர்கிறது.